கல்யாணம் முடியட்டும்

தென்காசி,
ஜூன் 8, 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று போனை நீ வைத்தாயா, லைன் போனதா என்று தெரியவில்லை. நீ வைத்ததாகவே எடுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். பேசினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். எழுதினால் நீ கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

நீ பாதிதான் கேட்டாய். முழுதும் சொல்கிறேன்.

நம் சித்தப்பா மகள் முத்துவடிவு சித்திரையிலிருந்தே இருமிக்கொண்டிருந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் தூசி என்று சித்தி கஷாயம் போட்டுக் கொடுத்திருக்கிறாள். ஒரு நாள் பாடம் நடத்த முடியாமல் மூச்சு வாங்கியதும், சுந்தரபாண்டியபுரத்திலிருந்து பஸ் ஏறி நேராக நான் வேலை பார்க்கும் சுகாதார நிலையத்துக்கு வந்துவிட்டாள். டாக்டர் என் அண்ணன் என்று யாரிடமும் சொல்லாமல், சீட்டு வாங்கி வரிசையில் நின்றிருந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. சளியைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். டி.பி. சாதாரண மருந்துக்குக் கட்டுப்படுகிற வகைதான். ஆறு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டால் முழுதாகப் போய்விடும்.

முடிவு வந்த அன்று சாயங்காலமே சித்தப்பா வந்தார். அப்பா இறந்த பிறகு நம் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றிலும் முன்னால் நின்ற மனிதர், வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"குத்தாலம், ஆவணியில கல்யாணம். பத்திரிகை அச்சுக்குக் குடுத்தாச்சி. வாசுதேவநல்லூர்க்காரங்க காதுக்கு இது போச்சின்னா எல்லாம் முடிஞ்சிபோச்சி. அவளுக்கு மட்டுமில்ல, நாளைக்கு நம்ம குடும்பத்துல எந்தப் பொம்பளப்பிள்ளைக்கும் மாப்பிள்ளை வராது."

"சித்தப்பா, இதை அரசாங்கத்துல பதியாம இருக்க முடியாது. சட்டம்."

"பதிஞ்சுக்கோ. வேண்டாம்னு சொல்லல. எங்க வீட்டு வாசல்ல யாரும் வந்து நிக்கக் கூடாது, அவ்வளவுதான். கல்யாணம் முடியட்டும்."

பதிந்தேன், அக்கா. ஆனால் விலாசம் என்ற இடத்தில் நம் தென்காசி வீட்டைப் போட்டேன். வீடு வீடாகப் போய் விசாரிக்கிற காசநோய்ப் பிரிவு ஊழியர் ஸ்டான்லியிடம், "அது என் தங்கச்சிதான், நானே பாத்துக்கிடுதேன்" என்றேன். அவர் சரி சார் என்று போய்விட்டார். வடிவு தினமும் காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில் இங்கே இறங்கி, என் கண் முன்னால் மாத்திரையை விழுங்கிவிட்டுப் போகிறாள். அம்மாவுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

இதில் நீ கத்துவதற்கு என்ன இருக்கிறது? மருந்து போகிறது. நோய் குணமாகும். கல்யாணத்துக்குள் சளியில் கிருமி இருக்காது, மாப்பிள்ளைக்கும் ஆபத்தில்லை. செப்டம்பரில் நீ வரும்போது சித்தப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசினால் போதும். அதை மட்டும்தான் கேட்கிறேன்.

இங்கே சாரல் தொடங்கிவிட்டது. சீசன் மருத்துவ முகாமுக்கு என்னையும் குற்றாலத்தில் போட்டிருக்கிறார்கள்.

உன் தம்பி,
குத்தாலிங்கம்



ஏரிக்கரை முகாம், மலாவி,
ஜூன் 19, 2025

குத்தாலத்துக்கு,

போனை வைத்தது நான்தான்.

சாயங்காலம் ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில்தான் இங்கே எழுத முடியும், அதனால் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். சித்தப்பா வீட்டில் எத்தனை பேர் தூங்குகிறார்கள்? சித்தப்பா, சித்தி, வடிவின் அண்ணன் பரமசிவன், அவன் மனைவி ஸ்ரீவித்யா, அவர்கள் பிள்ளை உலகம்மை. உலகுக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை. அது வடிவின் மடியில்தான் தூங்கும் என்று பொங்கலுக்கு நீதானே போட்டோ அனுப்பினாய்? அந்த வீட்டில் யாருடைய நெஞ்சையும் யாரும் படம் எடுக்கவில்லை. அந்தப் பிள்ளைக்குத் தடுப்பு மருந்து கொடுக்கவில்லை. ஏனென்றால் காகிதத்தின்படி வடிவு அந்த வீட்டில் இல்லை, உன் வீட்டில் இருக்கிறாள்.

இது உனக்குத் தெரியாத விஷயமா? மூன்றாம் ஆண்டு மருத்துவ மாணவனிடம் கேட்டாலும் சொல்வான்.

இங்கே போன வாரம் ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் காலரா வந்தது. ஊர்த் தலைவர் என் சிகிச்சைக் கூடாரத்துக்கு நடந்தே வந்தார். நல்ல மனிதர். இப்போதுதான் சின்ன மீன் பிடிபடும் காலம். அதைக் காயவைத்து விற்றால்தான் அந்த ஊர்ப் பெண்கள் வருஷத்தை ஓட்ட முடியும். "இந்த மீன் காலம் முடியட்டும் அம்மா, அப்புறம் சொல்லுங்கள்" என்று கேட்டார். சித்தப்பா கேட்டதும் இவர் கேட்டதும் ஒன்றுதான். நான் அன்றே மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பினேன். மறுநாள் சந்தையை மூடினார்கள். தலைவர் இப்போது என்னைப் பார்த்தால் வேறு பக்கம் போகிறார். போகட்டும். தண்ணீரில் கிருமி இருக்கும்போது ஆளுக்கு ஆள் முகம் பார்த்து வைத்தியம் செய்ய முடியாது.

அந்த வாசுதேவநல்லூர்ப் பையன் சங்கரலிங்கத்துக்கும் தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது. மறைத்துக் கட்டிவைத்தால், அங்கே போன பிறகு மாமியார் கண்ணில் படாமல் வடிவு மாத்திரையை எங்கே வைத்துச் சாப்பிடுவாள்? யோசித்தாயா?

முதலில் உலகுவைப் பார். மற்றதை அப்புறம் பேசலாம்.

யோகலட்சுமி



தென்காசி,
ஜூலை 2, 2025

அக்கா,

மூன்றாம் ஆண்டு மாணவன் என்று எழுதியிருந்தாய். நல்லது.

போன வருஷம் என்னிடம் வந்த மங்களேஸ்வரியை உனக்குத் தெரியாது. பீடி சுற்றுகிறவள், என் நிலையத்துக்குப் பக்கத்து ஊர். அவளுக்கும் டி.பி. சரியான விலாசம், சரியான பதிவு, எல்லாம் நீ சொல்கிற ஒழுங்கில் செய்தேன். ஸ்டான்லி அவள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி விசாரித்தார். அது அவர் வேலை, தப்புச் சொல்ல முடியாது. அடுத்த வாரமே தெருக் குழாயில் அவள் குடத்தை வைக்க விடவில்லை. அவள் சுற்றிய பீடியைத் தங்கள் பீடியோடு சேர்க்கக் கூடாது என்று மற்றப் பெண்கள் சொன்னார்கள். புருஷன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவன் அம்மா வீட்டுக்குப் போனான்.

அவள் மாத்திரையை நிறுத்தியது விவரம் தெரியாமல் இல்லை, அக்கா. மாத்திரை தின்கிறவரை அவள் நோயாளி. நிறுத்திவிட்டால் எனக்கு ஒன்றுமில்லை என்று தெருவில் நின்று சொல்லலாம். அதற்காக நிறுத்தினாள். பிறகு செங்கோட்டை தாண்டி ரப்பர் தோட்டத்து வேலைக்குப் போனாள். புனலூரில் இறந்துபோனாள் என்று ஸ்டான்லிதான் வந்து சொன்னார்.

வடிவின் விலாசத்தை எழுதும்போது என் கண் முன்னால் வந்தது சித்தப்பா மட்டுமில்லை. மங்களேஸ்வரியும்தான்.

உலகுவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சித்தப்பாவிடம் இரண்டு முறை சொன்னேன். "பிள்ளை துள்ளி விளையாடிக்கிட்டு இருக்கு, அதைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில குத்தி எடுக்கணுமா? ஸ்ரீவித்யா என்னன்னு கேட்டா நான் என்ன சொல்ல? கல்யாணம் முடியட்டும்" என்கிறார். ஆமாம், வடிவின் சொந்த மைனி ஸ்ரீவித்யாவுக்கே தெரியாது. அந்த அளவுக்கு மூடி வைத்திருக்கிறார்கள்.

நீ சந்தையை மூடச் சொல்லிவிட்டுக் கூடாரத்துக்குத் திரும்பிவிடலாம். அந்தக் கூடாரத்தையும் ஒரு நாள் மடித்துக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விடுவாய். அங்கே உனக்குச் சித்தப்பா இல்லை. நான் இந்த ஊரில்தான் இருக்க வேண்டும். இவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட வேண்டும், சாவுக்குப் போய் நிற்க வேண்டும்.

வடிவு எடை கூடியிருக்கிறாள். இருமல் இல்லை. அம்மாவிடம் உட்கார்ந்து கல்யாணப் புடவை நிறம் பேசிக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகிறது. உன் உரிமை, சட்டம் எல்லாம் எழுதிய கடிதத்தை மறுபடி படித்தேன். அதில் அவள் முகம் இல்லை.

பதில் போட வேண்டும் என்று கட்டாயமில்லை.

குத்தாலிங்கம்



ஏரிக்கரை முகாம்,
ஆகஸ்ட் 1, 2025

அன்புள்ள குத்தாலம்,

ஒரு மாதத்துக்கு மேலாக உனக்கு எழுதவில்லை. கோபத்தில் இல்லை. முதலில் கோபத்தில்தான். பிறகு வேறு காரணம்.

சந்தையை மூடிய பிறகு நோயாளிகள் குறைந்தார்கள். கட்டில்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. எங்கள் மருத்துவ அமைப்பின் தலைமையகத்துக்கு நல்ல செய்தி என்று எழுதினேன். என்னோடு வேலை செய்கிற எஸ்நாத் என்று ஒரு நர்ஸ், அந்தப் பக்கத்துப் பெண். அவள் மட்டும் சந்தோஷப்படவில்லை. ஒரு நாள் காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு அந்தக் கிராமத்துக்குள் போனாள்.

கூடாரத்துக்கு ஒரு ஆள் வந்தால் ஒரு நோயாளி கணக்கில் சேருகிறான். நோயாளி இருக்கும்வரை சந்தை திறக்காது. அதனால் ஊர் கூடி முடிவு செய்துவிட்டது, யாரும் கூடாரத்துக்குப் போகக் கூடாது என்று. வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். மூன்றாவது வீட்டில் ஒரு தாய் மகனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன். உப்புச் சர்க்கரைக் கரைசலைக் குடிக்கவைத்திருந்தாலே பிழைத்திருப்பான். நாங்கள் போகும்போது கண் செருகிவிட்டது. என் பையில் ஊசி, குளுக்கோஸ் எல்லாம் இருந்தது. கையில் நரம்பு கிடைக்கவில்லை, குத்தாலம். தேடிக்கொண்டே இருந்தேன். எஸ்நாத் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அந்தத் தாய் என்னைத் திட்டவில்லை. "சந்தை எப்போது திறக்கும்?" என்று கேட்டாள். அவளுக்கு இன்னும் இரண்டு பிள்ளைகள்.

தகவல் அனுப்பியது தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் அனுப்பிவிட்டு, அந்தப் பெண்கள் எதைச் சாப்பிடுவார்கள் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. நான் மூடியது சந்தையை மட்டும் என்று நினைத்திருந்தேன். அவர்கள் கதவுகளையும் சேர்த்து மூடிவிட்டேன்.

மங்களேஸ்வரியைப் பற்றி நீ எழுதியதை இப்போதுதான் உண்மையாகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும்.

ஆனாலும் தம்பி, உலகு. அதை மட்டும் விடாதே. சித்தப்பா கூட்டிக்கொண்டு வரமாட்டார், நீ போ. ஏதாவது ஒரு பெயர் சொல்லிப் போ, தடுப்பூசி என்று சொல், எதையாவது சொல். கெஞ்சிக் கேட்கிறேன். அதட்டவில்லை.

அக்கா



தென்காசி,
ஆகஸ்ட் 27, 2025

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றே நான் போயிருக்க வேண்டும். குற்றாலத்தில் கூட்டம், முகாமில் ஆள் இல்லை, வருகிற ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே சித்தி போன் பண்ணினாள். உலகுக்குக் காய்ச்சல், சோறு தண்ணி எடுக்கவில்லை, எதைக் கொடுத்தாலும் வாந்தி என்றாள். பேரருவிப் பக்கம் முகாமில் இருந்தேன். சுற்றிலும் இரைச்சல். வழுக்கி விழுந்து மண்டை உடைந்த ஒருவருக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தேன். "சீசன் காய்ச்சல்தான் சித்தி, ஊர் பூரா இருக்கு" என்று சிரப் பேரைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நான் சொன்னதால் அவர்கள் வேறு யாரிடமும் போகவில்லை. டாக்டர் சொல்லிவிட்டானே என்று இருந்துவிட்டார்கள். பிள்ளை நாளுக்கு நாள் சோர்ந்து, கடைசியில் கைகால் இழுத்து வெட்டு வந்து கண் மேலே போய்விட்டது. பரமசிவன் காரில் போட்டுக்கொண்டு திருநெல்வேலிக்கு ஓடினான். சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயலைப் பார்க்க வந்த வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றதாம். இறங்கி ஒவ்வொரு கார்க் கண்ணாடியாகத் தட்டி வழி கேட்டிருக்கிறான்.

நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தைகள் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே எல்லாரும் நின்றார்கள். விஷயம் கேள்விப்பட்டு வாசுதேவநல்லூரிலிருந்து மாப்பிள்ளையும் அவன் அம்மாவும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை நல்ல மாதிரி. மின்வாரியத்தில் இருக்கிறான். ஸ்ரீவித்யாவுக்குத் தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தான்.

டாக்டரம்மா வெளியே வந்தார். மூளையைச் சுற்றி வீக்கம் இருக்கிறது, எதனால் என்று பார்க்கிறோம் என்றார். பிறகு கேட்டார்:

"வீட்டுல யாருக்காவது டி.பி. இருக்கா? முன்னால இருந்துச்சா? பிள்ளைய அடிக்கடி தூக்குறவங்க யாருக்காவது?"

சித்தப்பா சொன்னார்: "அப்படில்லாம் ஒண்ணும் கிடையாது டாக்டர். நல்ல குடும்பம்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஒரு மூச்சு விடும் நேரம்தான். அடுத்த மூச்சில் நான் வாயைத் திறந்திருப்பேனா என்று அன்றிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். திறந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். சத்தியம் பண்ண முடியவில்லை.

வடிவு சொல்லிவிட்டாள்.

"எனக்கு இருக்கு டாக்டர். ஜூன் மாசத்துலருந்து மாத்திரை சாப்பிடுதேன். பாப்பா எங்கிட்டதான் படுத்துத் தூங்கும்."

அவள் மாப்பிள்ளையின் அம்மா பக்கம் திரும்பினாள். "அத்தை, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு வீட்டுல சொன்னாங்க. நானும் சரின்னுதான் இருந்தேன். நான் சொல்லியிருக்கணும்."

அந்த அம்மாள் கை முந்தானையை எடுத்து மூக்கை மூடியது. வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகப் போயிற்று. ஸ்ரீவித்யா எழுந்து வந்து வடிவின் எதிரே நின்றாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள், "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே வடிவு" என்று மட்டும் சொன்னாள். அடித்திருந்தால் தேவலை.

டாக்டரம்மா வடிவின் மருந்து விவரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "சார், நீங்களும் டாக்டர்னு சொன்னாங்க" என்றார். உள்ளே போய் உடனே டி.பி. மருந்தைத் தொடங்கினார்கள். வேறு நோய் என்று நினைத்து இன்னும் இரண்டு மூன்று நாள் போயிருந்தால் பிள்ளை இருந்திருக்காது.

இருக்கிறது, அக்கா. மூச்சு இருக்கிறது. கண் திறக்கிறது. யாரையும் அடையாளம் தெரியவில்லை.

கல்யாணம் நின்றுவிட்டது. வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு பெரியவர் வந்து நிச்சயதார்த்தத் தட்டைத் திருப்பிக் கொடுத்தார். சித்தப்பா அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து, "என் வீட்டுப் பக்கம் வராத" என்றார் என்னிடம். எதற்காக என்று கேட்கவில்லை. எதற்காக வேண்டுமானாலும் இருக்கலாம்.

நீ திட்டி எழுது. அதைப் படிக்க வேண்டும் போல் இருக்கிறது.

குத்தாலம்



ஏரிக்கரை முகாம்,
செப்டம்பர் 9, 2025

என் தம்பிக்கு,

திட்டப் போவதில்லை. நீ கேட்டுக்கொண்டதாலேயே திட்ட முடியவில்லை. திட்டு வாங்கிவிட்டால் உனக்குக் கொஞ்சம் பாரம் இறங்கிவிடும். அது இப்போது இறங்க வேண்டாம். அதை வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இருக்கிறது.

உலகுவின் ஸ்கேன் படத்தைப் பரமசிவனிடம் வாங்கிப் பார்த்தேன். வலது பக்கம் பலவீனம் தங்கும். எவ்வளவு தங்கும் என்பது இனிமேல் கொடுக்கிற பயிற்சியில் இருக்கிறது. சின்னப் பிள்ளையின் மூளை நாம் நினைப்பதைவிட அதிகம் திரும்பிவரும். நான் இதை ஆறுதலுக்குச் சொல்லவில்லை, பார்த்திருக்கிறேன்.

வடிவோடு நேற்று பேசினேன். முதல் தடவையாக. யோசித்துப் பார், ஜூன் தொடக்கத்திலிருந்து நீயும் நானும் அவளைப் பற்றி எவ்வளவு சண்டை போட்டிருக்கிறோம். அவளிடம் "உனக்கு என்ன வேணும்" என்று நீ கேட்டாயா? நான் கேட்கவில்லை. அவளுக்காகத்தான் பேசுகிறோம் என்றே இருவரும் நினைத்திருக்கிறோம். நேற்று கேட்டேன். "மொதல்லயே யாராவது கேட்டிருந்தா, நானே சங்கரலிங்கத்துக்குப் போன் போட்டுச் சொல்லியிருப்பேன் அக்கா. அவரு வேண்டாம்னு சொன்னா ஒரு நாள் அழுதிருப்பேன். இப்ப உலகுவப் பாத்து நித்தமும் அழுதுக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

இங்கே நடந்ததையும் சொல்கிறேன். மாவட்டக் கூட்டத்தில் சந்தையைத் திறக்க வேண்டும் என்று கேட்டேன். மூடச் சொன்னவளே திறக்கச் சொல்கிறாயா என்று சிரித்தார்கள். எஸ்நாத்தும் ஊர்த் தலைவரும் கூட வந்திருந்தார்கள். சந்தை வாசலில் குளோரின் கலந்த தண்ணீர், கைகழுவ ஆள், மீன் காயப்போடும் பரண்களைக் கரையிலிருந்து தள்ளி வைப்பது என்று ஒப்புக்கொண்டு, பாதிச் சந்தையைத் திறந்திருக்கிறார்கள். மறுவாரமே கூடாரத்தில் கட்டில் நிரம்பிவிட்டது. நோய் கூடவில்லை, மறைந்திருந்தவர்கள் வந்தார்கள். அந்தப் பையனின் தாயும் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அது பிழைத்துவிட்டது. அவள் என்னிடம் பேசவில்லை. தலைவரும் இன்னும் பேசுவதில்லை.

கல்யாணத்துக்கென்று வாங்கிய விடுப்பு இருக்கிறது. வரவா? சித்தப்பா வீட்டில் என்னையும் உள்ளே விடமாட்டார் என்றால் வாசலில் நிற்கிறேன்.

யோகா அக்கா



தென்காசி,
டிசம்பர் 14, 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அக்டோபரில் நீ வந்துபோனது அம்மாவுக்கு ஒரு தெம்பு. சித்தப்பா உன்னை உள்ளே விட்டதற்குக் காரணம் உலகுதான். நீ காட்டிக்கொடுத்த பயிற்சிகளை ஸ்ரீவித்யாவும் வடிவும் மாறி மாறிச் செய்கிறார்கள். இப்போது உலகு சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வலது கை இன்னும் மூடியே இருக்கிறது. இடது கையால் இட்லியைப் பிய்த்துத் தின்னப் பழகிவிட்டாள். பேச்சு, இருந்ததில் கொஞ்சம் போய்விட்டது. இனி எவ்வளவு வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

நீ போன பிறகு, காசநோய்ப் பிரிவுத் துணை இயக்குநரிடம் நானே போய் விலாசத்தை மாற்றி எழுதியதைச் சொன்னேன். விளக்கம் கேட்டு ஓலை வந்தது. எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்ன செய்வார்களோ, செய்யட்டும். ஸ்டான்லியிடமும் சொன்னேன். அவர், "நானும் வந்து பாத்திருக்கணும் சார். டாக்டர் வீடாச்சேன்னு விட்டுட்டேன்" என்றார்.

வடிவு மருந்தை முடித்துவிட்டாள். கடைசிப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. சங்கரலிங்கம் ஒரு நாள் தனியாக என் நிலையத்துக்கு வந்தான். "முழுசா சரியாயிட்டுன்னு நீங்க எழுதிக் குடுத்தா எங்கம்மாகிட்ட பேசிப் பாக்குதேன்" என்றான். வடிவிடம் சொன்னேன். இந்த முறை கேட்டேன், அக்கா, முடிவாக எதுவும் நான் சொல்லவில்லை. அவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். "அவரு மேல எனக்குக் கோபம் இல்லண்ணே. ஆனா சரியானப்புறம் வாரவரு எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தாள். விஷயம் தெரிந்ததும் விடுப்பில் போகச் சொன்ன பள்ளிக்கூடத்தில் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். சிலர் தங்கள் பிள்ளைகளை வேறு வகுப்புக்கு மாற்றிக்கொண்டார்கள்.

போன வாரம் நெஞ்சுப் படம் எடுக்கிற வண்டியை சுந்தரபாண்டியபுரத்துக்குக் கொண்டுபோனோம், சித்தப்பா தெருவுக்கு. முந்தின நாள் ஆட்டோவில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லியும் காலையில் ஒரு ஆள் வரவில்லை. கதவு இடுக்கில் நின்று பார்த்தார்கள். ஸ்டான்லி வெயிலில் நாற்காலிகளைப் போட்டுவிட்டு அதில் ஒன்றில் அவரே உட்கார்ந்திருந்தார்.

சித்தப்பா வெளியே வந்தார். வீட்டுப் பக்கம் வராதே என்றதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் வந்து தெரு பார்க்கச் சட்டையைக் கழற்றி, மடித்து, நாற்காலியில் வைத்தார். முதுகெல்லாம் எலும்பு. இவ்வளவு மெலிந்திருக்கிறார் என்று அதுவரை எனக்குத் தெரியாது. வண்டிக்குள் ஏறி, படம் எடுத்துக்கொண்டு, இறங்கி, சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். பிறகு சித்தியை அனுப்பினார். அதற்குப் பிறகு எதிர் வீட்டிலிருந்து ஒருவர் வேட்டியை இறுக்கிக்கொண்டு வந்தார். மத்தியானத்துக்குள் வரிசை கோயில் மூலை வரைக்கும் போயிற்று.

சித்தப்பாவுக்கு ஒன்றுமில்லை. ஆனால் தெருவில் இரண்டு பேருக்கு இருக்கிறது. பெயர் எழுத மாட்டேன், உனக்குக்கூட. இரண்டு பேருமே வடிவுக்கு முன்பிருந்து இருமுகிறவர்கள். இவளால்தான் தெருவுக்கே வந்தது என்று நாலு மாதமாகப் பேசியவர்களில் ஒருவர், அந்த இரண்டு பேரில் ஒருவர். வடிவுக்கு எங்கிருந்து வந்தது என்று இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடித்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

நேற்று அவர் வீட்டுக்கு முடிவைச் சொல்ல நடந்தே போனேன், ஸ்டான்லியின் வண்டியைக் கோயில் பக்கமே விட்டுவிட்டு. அவர் என்னை முன்னறையோடு நிறுத்தி, குரலைத் தாழ்த்திக் கேட்டார். பேரன் பேத்திகள் உள்ளே டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, இது வெளிய தெரியாம பாத்துக்கிட முடியுமா?"

அவர் முகத்தில் இருந்த பயம் நான் முன்பே பார்த்தது.

"வெளிய தெரியாம பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி. அது என் பொறுப்பு. வீட்டுக்குள்ள தெரியாம முடியாது. பிள்ளைகளக் கூப்பிடுங்க, ஒவ்வொருத்தரையா பாக்கணும்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு உள்பக்கம் திரும்பி, சின்னதிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்.

உன் தம்பி,
குத்தாலிங்கம்